இரண்டு படங்களுக்கு நடுவே

சுவாதியின் இடது கைக்குப் பக்கத்தில் ஒரு கறை இருந்தது.

தீபலட்சுமி முதலில் முந்தானையால் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. கறை படத்துக்குள்ளேயே இருந்தது. ஈரச் சுவரில் விரலை வைத்து இழுத்த மாதிரி, பழுப்பாக, குழந்தையின் மணிக்கட்டில் தொடங்கி ஓரத்துப் பனிமூட்டத்துக்குள் போய்க் கரைந்திருந்தது.

ஐப்பசி மாதத்துப் பிற்பகல். குன்னூரில் அந்த நேரத்துக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை பெய்வதும் நிற்பதுமாக இருக்க, ஜன்னல் இடுக்கு வழியாக மூடுபனி ஈரத் துணி வாசனையோடு உள்ளே வந்து, கம்ப்யூட்டரின் சூட்டில் பட்டுக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நடு அறையில் சுவாதி தனியாக விளையாடும் சத்தம். கொலுசு ஒரு தரம் சிணுங்கும், ஓயும், மறுபடி சிணுங்கும்.

கறையைக் கண்டு தீபலட்சுமி பயப்படவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்கிற அவள் தொழிலில் அது வழக்கம்தான். காமிரா ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படம் பிடிக்கிறது. அதை அப்படியே இழுத்து மெதுவாக ஓட்டினால் விக்கி விக்கி நகரும். அதற்குத்தான் எடிட்டிங் சாஃப்ட்வேரோடு சேர்கிற அந்த பிளக்-இன். ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து, காமிரா பார்க்காத படங்களைத் தானே வரைந்து செருகிவிடும். மணப்பெண்ணின் கழுத்தில் விழும் மாலை இறகு போல இறங்கும். கை, கால் குறுக்கே போகிற இடங்களில் மட்டும் அதற்குக் குழம்பிவிடும், இப்படி இழுவிவிடும். அப்போது மனிதர்தான் புள்ளி வைத்துச் சொல்லித்தர வேண்டும்: இந்தப் படத்தில் இங்கே இருந்தது, அடுத்த படத்தில் இங்கே போனது என்று. சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

இந்த வேலையே ஒரு ரிசார்ட்டின் விளம்பரப் படத்துக்காக. தேயிலை விலை விழுந்ததிலிருந்து மலையில் பெரிய கல்யாணங்கள் நின்றுவிட்டன. அவள் கணவன் விஜயபாஸ்கர் காமிராவைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் மண்டபங்களுக்கு இறங்கிப் போகத் தொடங்கியிருந்தான். மூடிக்கிடந்த ஓர் எஸ்டேட்டை வாங்கியவர், பங்களாவை ரிசார்ட்டாக்குகிறேன், பனிக்குள் ஒரு குழந்தை நடந்துவர வேண்டும், மிதக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டார். வேறு குழந்தைக்கு எங்கே போவது? சுவாதியைக் கூட்டிப்போனார்கள். கவாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. ஃபாக்டரிக்குப் பின்னால் பாசி பிடித்த ஒரு சின்னக் கட்டடம். அதன் படியில் நின்றுகொண்டு சுவாதி அம்மாவின் கையை விடவே மாட்டேன் என்றாள்.

"கைய எடு தீபா, ஃபிரேமுக்குள்ள வருது" என்று கத்தினான் விஜயபாஸ்கர்.

அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஒதுங்கினாள். சுவாதி அழவில்லை. நடந்தாள். படம் அழகாக வந்தது.

இப்போது அந்தப் படத்தில்தான் கறை. அசல் படம் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தாள். குழந்தை, படி, பனி. வேறொன்றுமில்லை. பிளக்-இன் வரைந்த நடுப்படங்களில் மட்டும் அந்தப் பழுப்பு.

புள்ளி வைத்தாள். கறை கொஞ்சம் தெளிந்தது. அது போகிற போக்கிலேயே இன்னொரு புள்ளி, இன்னொன்று. பழகிய கை தானாக வேலை செய்தது. இழுவல் ஒடுங்கியது, ஓரங்கள் பிடித்தன, பிரிந்தன.

விரல்கள்.

சுவாதியின் கையைப் பொத்திப் பிடித்திருந்தன.

என் கைதான், மாட்டிக்கொண்டது, என்று மூச்சு விட்டாள். அப்புறம்தான் பார்த்தாள், அந்தக் கையில் வளையல் இல்லை. மணிக்கட்டில் ஆம்பளை ஸ்வெட்டரின் கை முனை மடித்துவிடப்பட்டிருந்தது.

போனை எடுத்தாள்.

"ஏனுங்க, அன்னிக்கு அந்தக் கட்டடத்துக்கிட்ட நம்மளத் தவிர யாராச்சும் இருந்தாங்களா?"

"அந்தக் காட்டுக்குள்ள யாரு இருப்பா?" பின்னால் மேளச் சத்தம் கேட்டது. "அட்டைதான் இருந்துச்சு. ரெண்டு என் காலப் புடிச்சுட்டு ஊடு வரைக்கும் வந்துச்சு. வையி, பொண்ணழைப்புக்கு நேரமாச்சு."

கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டுப் பாலாமணி, முறம் நிறையக் கேரட்டோடு நின்றிருந்தார். இலங்கையிலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். அந்த எஸ்டேட் மூடும்வரை அங்கேதான் கொழுந்து பறித்தார். உள்ளே வரும்போதே நடு அறையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன்டி சுவாதி, ஒரு கைய மடக்கிக்கிட்டே திரியிற? முட்டாய் ஒளிச்சு வச்சிருக்கியா? ஆச்சிக்கு இல்லையா?"

தீபலட்சுமி திரும்பிப் பார்த்தாள். குழந்தை சுவரோரம் நின்றிருந்தாள். இடது கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, விரல்கள் பாதி மடங்கி.

பாலாமணி திரையைப் பார்த்துவிட்டார். அதில் அசல் படம் ஒன்று நின்றிருந்தது. குழந்தை மட்டும்.

"இது எங்க புள்ள மடுவம்ல! காலைல புள்ளைங்கள இங்க விட்டுட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவோம். அருக்காணின்னு ஒரு ஆயா. புருசன் விட்டுட்டுப்போன ஸ்வெட்டரத்தான் போட்டுக்கிட்டு நிப்பா. சாயந்தரம் தாய் வந்து புள்ளையோட ஒரு கையப் புடிக்கணும், அப்புறந்தான் அவ மத்தக் கைய விடுவா. அந்தப் படியில புள்ள ஒருத்தர் கையும் இல்லாம நிக்கக் கூடாது, அதான் அவ சட்டம். கைய விட்ட தாய்மாருக்குச் நல்ல ஏச்சு விழும்."

"இப்ப அவங்க எங்கீங்க?"

"எஸ்டேட் மூடினதும் எல்லாரும் புள்ளைங்களோட திருப்பூருக்குப் போயிட்டாங்க. அவ மட்டும் பொழுது சாஞ்சா அந்தப் படியில போய் நிப்பா. பனிக்காலத்துல ஒரு நாள் விடியக்குள்ள போய்ப் பாத்தா, நின்ன இடத்துலயே சாஞ்சு கெடந்தா. கை மட்டும் நீட்டினபடி. மடக்க முடியல அம்முணி, அப்படியேதான் பொதைச்சோம்." அவர் முறத்தைக் கவிழ்த்துக் காலி செய்தார். "கேரட்ட இன்னிக்கே ஆக்கிரு, அழுகிப் போயிரும்."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது.

தீபலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து, தான் வைத்த புள்ளிகளை அழித்தாள். ஒன்றுவிடாமல் அழித்தாள். மறுபடி இழுவிப்போய்விடும், கறையாகிவிடும், போதும். ஓட விட்டாள்.

இழுவவில்லை.

பனிக்குள் இரண்டு பேர் நடந்தார்கள். மிக மெதுவாக, நீரில் போவதுபோல வழவழப்பாக. ஸ்வெட்டர் போட்ட ஒரு முதுகு. பக்கத்தில் சின்ன முதுகு. சுவாதி காமிராவை நோக்கித்தானே நடந்து வந்தாள்?

பின்னால் கொலுசு ஒரு தரம் ஒலித்தது.

"சுவாதி?"

குழந்தை அறை வாசலில் நின்றாள். இடது கை தூக்கியபடி.

பீரோவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கட்டில் ஓரத்தில் நின்றாள்.

நடக்கவில்லை. அங்கே இருந்தாள், இங்கே இருந்தாள். ஒவ்வோர் இடத்திலும் கொலுசு ஒரு தரம். நடுவில் ஒன்றுமில்லை. நடுவில் நடந்த காலடிகள் எல்லாம் திரைக்குள் இருந்தன.

தீபலட்சுமி பாய்ந்து குழந்தையின் வலது கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. மாவு மாதிரி மெத்தென்று, அவள் பெற்ற கை.

இல்லை.

இருந்தது.

இல்லை.

"நான் வந்துட்டேனுங்க ஆயா" என்றாள். "புடிச்சுட்டேனுங்க. அன்னிக்கு விட்டது தப்புத்தான். இப்பப் புடிச்சுட்டேன், நீங்க விடுங்க."

திரையில் ஸ்வெட்டர் முதுகு நின்றது. கேட்டுவிட்டது. சட்டம் தெரிந்த கை. தாய் பிடித்தால் விட்டுவிடும். பொத்தியிருந்த விரல்கள் பிரியத் தொடங்கின. சுண்டுவிரல் அசைந்தது. அசைந்ததா? மிதக்கிற மாதிரி வேண்டுமென்று, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டத்தை அவளே வைத்திருந்தாள். நிறுத்தக் கை நீட்டினாள். நின்றுவிட்டால்? அந்த விரலும் அப்படியே நின்றுவிட்டால்?

கையை இழுத்துக்கொண்டாள்.

கொலுசு ஒலித்தது. சூடான கை வந்தது. போனது. அடுத்தது வர முன்னைவிட நேரமானது. அதற்கடுத்தது இன்னும். ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, எதிர்வீடு தெரியவில்லை. திரையில் சுண்டுவிரல் இன்னும் எழுந்துகொண்டிருந்தது.

தீபலட்சுமி கட்டிலோரம் மண்டியிட்டிருந்தாள். மூடிய கைக்குள் ஒன்றுமில்லை. விரல்களை அவள் பிரிக்கவில்லை.