வாயாடியின் இடது காது

மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் போய், ஃபேன் நின்று, ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கி, மாடிவீட்டு டிவியும் வாயை மூடிக்கொண்ட பிறகும் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. உஸ்... உஸ்... உஸ்... மகளின் காதில் கன்னத்தை வைத்தபடி கண்ணயர்ந்திருந்தவள் விழித்துக்கொண்டாள். புகார் கேட்கும் கால் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஊராரின் குறைகளைக் கேட்டுத் தேய்ந்த காது அவளுடையது. அதை ஏமாற்ற முடியாது.

ஆபரேஷனோடு ஒழிந்துபோயிருக்க வேண்டிய சத்தம் அது.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்தே அவளுடைய இடது காது சிவந்து தடித்து, தொட்டால் சுடும். துடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். உள்ளே ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று பின்னி முடிச்சு விழுந்து கிடக்கின்றன என்று ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சொன்னார்.

"மெல்லிசா ஒரு குழாய விட்டு, அந்த முடிச்சுக்குள்ளயே மருந்து போட்டு அடைக்கணும்மா. மூணு நாலு தடவை வர வேண்டியிருக்கும். அவசரப்படாதீங்க."

அவசரப்பட்டாள். வேறொரு ஆஸ்பத்திரியில் சர்ஜன், "ஒரு மணி நேர வேலை. ரத்தம் வர்ற குழாய கட்டிட்டா காது தானா வாடிடும்" என்றார். கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கையெழுத்துப் போட்டது இவள்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தக்காளிக் காது என்று கேலி செய்வதை இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியவில்லையாம் மகராசிக்கு. சீ, இவளும் ஒரு அம்மா!

முதல் வாரம் காது வெளுத்து, சத்தமில்லாமல் கிடந்தது. சர்ஜனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். இரண்டாவது வாரம் வாயாடி சிணுங்க ஆரம்பித்தாள்.

"அம்மா, காது பசிக்குதும்மா."

"காது எங்கயாவது பசிக்குமாடி, லூசு?"

"உன் கன்னத்த இங்க வையேன். வெச்சா சரியாயிடுது."

வைத்தாள். பிள்ளை கேட்டால் கன்னம் என்ன, உயிரையே கொடுக்கலாம் என்றுதானே தோன்றும். அன்றிலிருந்து அப்படிப் படுத்தால்தான் வாயாடிக்குத் தூக்கம் வருகிறது. அம்மாவுக்குத்தான் இந்த வாரம் மாடிப்படி ஏறினால் கண்ணைக் கட்டியது. நகமெல்லாம் வெளிறிப்போயிற்று. தலையணை மடிப்புப் பதிந்ததுபோல் கன்னத்தில் விழுந்த சிவப்புக் கோடுகள் சாயங்காலம்கூட மறையவில்லை.

இன்று காலையில்தான் பயந்துபோய் ஸ்கேன் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். குழாயைக் கட்டிய ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள்.

"கட்டிட்டாங்களா? ஐயோ, ஏம்மா! முடிச்சு உள்ள அப்படியேதானே இருக்கு? ஒரு வழிய அடைச்சா அது சும்மா இருக்காது. பக்கத்துல எது கிடைக்குதோ அதுல இருந்து ரத்தத்த இழுக்கும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. காதுல ஒரு கீறல்கூட படக்கூடாது. பட்டா ரத்தம் நிக்காது, புள்ள பிழைக்காது."

உஸ்... உஸ்...

தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அதே தாளம். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். குழந்தைகளின் நாடி வேகமாக ஓடும் என்பார்கள். ஓடவில்லை. இரண்டும் ஒன்றாகவே அடித்தன.

எழுந்திருக்கப் பார்த்தாள். கன்னம் வரவில்லை.

வியர்வையாக இருக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்ல இழுத்தாள். பல்லைப் பிடுங்குவதுபோல் ஒரு வலி கண் வரைக்கும் ஏறியது. பிள்ளை தூக்கத்தில் முனகினாள்.

எதிரே பீரோ கண்ணாடி. கண்ணை மட்டும் திருப்பினாள்.

தன் கன்னத்துக்கும் அந்தக் காதுக்கும் நடுவில் சிவப்புச் சிவப்பாக நூல்கள். பத்து. இருபது. எண்ண முடியவில்லை. தசைக்குள் இறங்கியிருந்தன. எல்லாம் துடித்தன.

போன் மேஜைமேல். எட்டாது. கணவர் வர ஆறு மணி ஆகும். கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு எழுவாள். இழுத்தால் அறுந்துவிடும்.

அறுந்தால் நிற்காது.

"அசையாதடி கண்ணு," மூச்சுக்காற்றிலேயே சொன்னாள். "அம்மா இப்படியே இருக்கேன். எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ. அசையாத மட்டும்."

கண்ணாடியில் அவளுடைய உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. பிள்ளையின் முகம் பிறந்ததிலிருந்து இவ்வளவு சிவந்து, இவ்வளவு தெளிந்து இருந்ததில்லை. வயிறு நிறைந்த குழந்தைபோல் பெருமூச்சு விட்டாள்.

பிறகு காலை நீட்டி, முதுகை வளைத்து, தூக்கத்திலேயே மறுபக்கம் புரளத் தொடங்கினாள்.