மாமனிதர் மேல் விழுந்த சாணி

காலை 6.10. குளத்தூர் கடைவீதியில் செங்கழனி ராயர் மேல் யாரோ சாணி பூசியிருந்தார்கள்.

ராயர் செத்து நானூறு வருஷம் என்பார்கள், எழுநூறு என்பாரும் உண்டு. பிறந்ததற்கே அத்தாட்சி கிடையாது. சாணி விழுந்தது அவருடைய பிளெக்ஸ் மேல். கம்ப்யூட்டர் வரைந்த படம். குதிரைக்கு ஐந்து கால், ராயர் மணிக்கட்டில் வாட்ச். ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

‘நாட்டின் தலைசிறந்த மாமனிதர் யார்?’ என்று ஒரு கேபிள் சேனல் செல்போனில் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தது. அன்று பகல் பன்னிரண்டோடு முடிகிறது. கடைசிச் சுற்றில் இரண்டு பேர்: ஏழு மலையை ஒரே தாவில் தாண்டிய ராயர், ஏரி வெட்டிய வெள்ளையம்மா நாச்சி. ஏரியில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. முந்தின இரவு வரை நாச்சிதான் முன்னால்.

எஸ்.ஐ. பிரகதீஸ்வரி ஜீப்பை விட்டு இறங்கினார். சாணி நாற்றம் அவருக்குப் பழகியதுதான். ‘மாமனிதர்’ என்ற சொல்தான் ஒரு வாரமாகக் குமட்டியது. அதன் பேரால் மூன்று மண்டை உடைந்து, ஒரு கல்யாணம் நின்றிருந்தது.

கூட்டம் அதற்குள் குற்றவாளியைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தது. ஆவூர்க்காரன் ராபின். அம்மா ஜெபமாலையம்மாளுக்கு இரண்டு பசு. ‘ராயர் வாள் பிடித்தது வாழைக்குலை வெட்டத்தான்’ என்று வாட்ஸப்பில் எழுதியவன். அன்றிரவு திருச்சியில் அவனுக்குச் சிங்கப்பூர் விமானம். வழக்கில் பேர் ஏறினால் பயணம் அதோடு சரி.

“நான் எழுதுனது நெசம் மேடம். பூசல,” என்றான்.

ஏட்டு பெரியண்ணன் படத்துக்குக் கீழே கையைக் காட்டினார். முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குப் போட்ட சிமெண்ட் மேடை. ஈரத்தில் வெறுங்கால் தடம் இரண்டு பதிந்து, இறுகிவிட்டிருந்தது. மாடு மேய்க்கிறவன் வெறுங்காலோடுதானே திரிவான் என்பது ஏட்டின் கட்சி. கூட்டமும் அதே கட்சி.

பிரகதீஸ்வரி மேடையைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் கிடந்த சேற்றைப் பார்த்தார். செருப்புத் தடம் வந்திருந்தது. மேடையோரம் ஜோடியாக நின்றிருந்தது. அப்புறம் திரும்பிப் போயிருந்தது. பிறகு படத்தை அண்ணாந்து பார்த்தார். இடுப்புக்குக் கீழே அப்பிக் கிடந்தது. மார்பும் முகமும் பளிச்சென்றிருந்தன.

7.30. ராயர் பேரவைத் தலைவர் வசந்தகுமார் தலையில் அடித்துக்கொண்டே வந்தார். நேற்று மதியமே ஆவுடையார்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறாராம்.

“அப்ப இந்த மேடை போட்டப்ப நீங்க இல்ல?”

“இல்ல மேடம். இப்பத்தான் கண்ணால பாக்குறேன்.”

பிரகதீஸ்வரி எல்லோரையும் ஒவ்வொருவராக மேடையேறிப் படத்தைப் பார்க்கச் சொன்னார். ஏட்டு பூட்ஸோடு ஏறினார். ராபின் ரப்பர் செருப்போடு ஏறினான். கூட்டம் முணுமுணுத்தது. வசந்தகுமார் செருப்பைக் கீழே ஜோடியாகக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு ஏறினார்.

“அப்படியே பாதத்தைத் திருப்பிக் காட்டுங்க.”

குதிகால் வெடிப்புகளில் சாம்பல் நிறத்தில் காய்ந்த சிமெண்ட். கையைக் கழுவியவர் காலை மறந்திருந்தார்.

“ஆகாதவன் சாணி பூசுனா மொதல்ல எங்க பூசுவான்? மூஞ்சியில,” என்றார் பிரகதீஸ்வரி. “இவருக்கு அங்கிட்டுக் கை போகல, கூசியிருக்கு. சாணி பூசப் போறப்பக்கூடச் செருப்பைக் கழட்டிட்டு ஏறுறவன் ராயரைக் கும்பிடுறவனாத்தான் இருப்பான்.”

வசந்தகுமார் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “தோத்துக்கிட்டிருந்தோம் மேடம். அதுவும் ஒரு பொம்பளைகிட்ட.”

பிரகதீஸ்வரிக்கு அப்போதுதான் மூக்கைப் பொத்தவேண்டும் போலிருந்தது.

பகல் பன்னிரண்டு. சாணி பட்ட படம் கனடா வரை போய், அனுதாப வாக்கு மழையாகக் கொட்டியிருந்தது. நாட்டின் தலைசிறந்த மாமனிதர் செங்கழனி ராயர். ஸ்டேஷனில் ஏட்டு தலையைச் சொறிந்தார்.

“நீங்களுமாய்யா?”

“காலையிலயே ஓட்டுப் போட்டுட்டேன் மேடம். பாவமா இருந்துச்சு.”

ராபின் அன்றிரவே விமானம் ஏறினான்.

ஒரு மாதம் கழித்து அந்த வழியாகப் போன பிரகதீஸ்வரி ஜீப்பை நிறுத்தினார். மேடையைச் சுற்றிக் கம்பி வேலி. சிமெண்டில் பதிந்த இரண்டு தடத்துக்கும் மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. ‘ராயர் திருப்பாதம்’ என்று பலகை. வரிசையில் ஐம்பது பேர் நின்றார்கள். ஜாமீனில் வந்திருந்த வசந்தகுமார் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்ன இது என்று கேட்க வேலிக்குள் ஒரு காலை வைத்தார் பிரகதீஸ்வரி.

“மேடம்,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர், பணிவாக. “செருப்பைக் கழட்டிருங்க.”