முதல் கேனின் புளிப்பு

காலை ஆறு இருபதுக்குப் பால் கொள்முதல் நிலையத்தில் ஒரு கேன் பால் புளித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கேனுக்குச் சொந்தக்காரியான பால்காரம்மா அதன் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்கு மேலாளர் போலீசைக் கூப்பிட்டார்.

வந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அவர் நாற்காலி, வாசல் டீக்கடையின் டீ, தத்துவம் மூன்றையும் கொடுத்தார். மூன்றாம் நாளாக இந்தப் பால் புளிப்பு. மூன்று முறை புளித்தால் உறுப்பினர் அட்டை ரத்து. பழைய பாலைக் கலப்பவர்களுக்கு விஞ்ஞானம் தயவு காட்டாது. அட்டை போனால் அந்த அம்மா தன் இரண்டு மாடுகளையும் விற்க வேண்டியதுதான், வேறு பிழைப்பு கிடையாது என்று வாசலில் நின்ற யாரோ சொன்னபோது, அது விஞ்ஞானத்தின் கவலை இல்லை என்றார் மேலாளர்.

இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்து முடித்தார். நல்ல டீ. கெட்டியாக, வழுவழுவென்று இருந்தது.

சோதனை மேசைக்காரருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'சொட்டு'. அவர் பெருமையோடு விளக்கினார். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக் குழாய்க்குப் பெயர் ப்யூரெட். அதில் காரம். கீழே, பாலில் இரண்டு சொட்டு நிறங்காட்டி. பாலின் அமிலம் தீரும்வரை காரம் சொட்ட வேண்டும். தீர்ந்ததும் பால் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு காரம் செலவோ அவ்வளவு புளிப்பு. நல்ல பாலுக்கு ஒன்றரை மில்லி. இந்தப் பால் இரண்டைத் தொட்டது.

"கணக்கு பொய் சொல்லாது, மேடம்."

"கணக்கு சொல்லாதுதான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பால்காரம்மா கேனை விட்டு இறங்காமலேயே பதில் சொன்னார். விடியறதுக்கு முன்னாடி கறந்த பாலாம். புளிப்பு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எவரோ வந்து, சாக்கடையில் கொட்டவென்று ஒரு குண்டான் மொண்டு போய்விட்டாராம். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தச் சிம்மாசனம்.

பால் ஊற்ற வந்த மற்றவர்களும் விசாரிக்கப்பட்டார்கள். அப்போதுதான் ஒரு விந்தை வெளிவந்தது. இந்த வாசலில் தினமும் காலையில் மரியாதை பொங்கி வழியுமாம். "நீங்க போங்கண்ணே." "ஐயோ, வயசுல பெரியவங்க, நீங்க போங்க." பஸ்ஸில் ஏற முழங்கையால் அடுத்தவன் விலாவைப் பேர்க்கும் அதே மனிதர்கள்.

"எதுக்கு இவ்வளவு மரியாதை?"

தாடிக்காரர் ஒருவர் தலையைச் சொறிந்தார். "முதல் கேனுக்கு ராசி இல்லீங்க. யாரு பாலா இருந்தாலும் புளிச்சுடும். இந்தம்மா இந்த வாரம்தான் சேர்ந்தாங்க. மூணு நாளும் முதல் ஆளா வந்துட்டாங்க."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே," என்றார் பால்காரம்மா.

"சொல்லிட்டா அப்புறம் யாரு முதல்ல போறது?"

ஏழே முக்கால். அந்தப் பாலையே மறுபடி சோதிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பால்காரம்மா ஒரு கரண்டிக்கு மட்டும் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். ஒன்றரை மில்லி. உட்கார்ந்த கனத்தில் புளிப்பு அமுங்கியிருக்கலாம் என்று மேலாளர் அபிப்பிராயப்பட்டார்.

"குழாயைக் கழுவி, காலைல பண்ண மாதிரியே நிரப்புங்க."

சொட்டு குழாயைத் தண்ணீரில் கழுவினார். கொஞ்சம் காரம் ஊற்றி, உருட்டி, குழாயின் அடிமூக்கு வழியாக வெளியே கொட்டினார். பிறகு நிரப்பினார்.

"காலைல இப்படிக் கொட்டலையே," என்றார் பால்காரம்மா. "கழுவினாரு, ஊத்தினாரு, அவ்வளவுதான். நான் பக்கத்துலதானே நின்னேன்."

"அப்ப அப்படியே பண்ணுங்க."

சொட்டு குழாயை மறுபடி காலி செய்தார். இம்முறை கழுவினார், ஊற்றினார். இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீரும் நிறங்காட்டியும் விட்டு, குழாயின் கீழே வைத்துத் திருகைத் திறந்தார்.

காரம் பட்டால் முதல் சொட்டிலேயே சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. டம்ளர் வெளுப்பாகவே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் வெட்கப்பட்டது.

"இவ்வளவு நேரம் விழுந்தது கழுவின தண்ணி. மூக்குல தேங்கி நின்னது. அதையும் காரம்னு கணக்குல சேர்த்தா எந்தப் பாலும் புளிக்கும். முதல் கேனோட அது காலி. ரெண்டாவது ஆளுக்குச் சுத்தமான காரம்."

"கவனக்குறைவு," என்று குறுக்கிட்டார் மேலாளர்.

"நான் பாத்துட்டு இருக்கும்போது கேக்காமலே காரம் விட்டு அலசினாரே. முறை தெரிஞ்சவருக்கு என்ன கவனக்குறைவு? அந்தக் குண்டான் எங்க போச்சு? டீக்கடை யாருது?"

குண்டானை மொண்டு போனவர் டீக்கடைக்காரர், சொட்டின் மச்சான். தாடிக்காரர்தான் சொன்னார், இதற்கு மட்டும் முந்திக்கொண்டார்.

"புளிச்ச பாலைக் கொதிக்க வச்சா திரியும். நீங்க எனக்குக் குடுத்த டீ திரியலை. பால் நல்ல பால்னு தெரிஞ்சவங்கதான் அதை அடுப்புல வைப்பாங்க." இன்ஸ்பெக்டர் சொட்டைப் பார்த்தார். "வாங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம். மச்சானையும் கூப்பிடுங்க. தினம் ஒருத்தர் வயித்துல அடிச்சுட்டு, அதுக்கு விஞ்ஞானம்னு பேரு வேற."

மேலாளர் அட்டையை எடுத்து வந்து, பால்காரம்மாவின் காதோரம் குனிந்து, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முணுமுணுத்தார்.

அட்டையை அவர் வாங்கவில்லை. "மூணு நாளும் வாசல்ல நின்னு கத்தித்தானே கலப்படக்காரின்னு சொன்னீங்க? இதையும் அங்கயே சொல்லுங்க."

வேடிக்கையை விட்டு ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மேலாளர் வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமி, இந்த அம்மாவின் பால் நல்ல பால் என்று தன் சட்டைப் பொத்தானிடம் தெரிவித்தார்.

பால்காரம்மா கேனிலிருந்து இறங்கினார். கூட்டத்தைக் கடந்து கடைசி ஆளுக்கும் பின்னால் போய் நின்றார்.

"இங்க கேக்கலை," என்றார்.