கூப்பிட்ட குரலுக்கு

"பா... பா... வாடி கண்ணு, வா!"

விடிந்தும் விடியாத நேரத்தில், தவிட்டு வாளியோடு ஆட்டுப்பட்டிக்குள் நின்று சின்னவள் கூப்பிட்டாள். ஓர் ஆடுகூட அசையவில்லை. தூரத்து மூலையில், வேலியை ஒட்டி, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இன்னொரு தரம் கூப்பிட்டாள். அவ்வளவுதான்! கிழட்டுத் தாய் ஆடு மிரண்டு பின்வாங்கியது. மற்றவை கம்பியில் போய் முட்டிக்கொண்டன.

"என்னடி ஆச்சு உங்களுக்கு? நான்தாண்டி!"

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து, வாளியைக் கவிழ்த்து, அவள் உடுப்பின் ஓரத்தையும் சேர்த்து மெல்லுகிற கூட்டம் அது. இன்றைக்கு அவளைப் பார்த்தே நடுங்கியது.

அடுப்படி வாசலில் வந்து நின்றாள் பெரியவள். புருஷனின் அண்ணன் மனைவி. கையில் கரண்டி, வாயில் வழக்கம்போல் நெருப்பு.

"என்ன, உன் பிள்ளைங்க கோவிச்சுக்கிச்சா? இன்னும் கொஞ்ச நேரத்துல மறுபடி லாரி வந்துடும். இப்படி மிரண்டு நின்னா எப்படி ஏத்துறது? நேத்து பாதி ஆடு போனதுல உனக்கு வயித்தெரிச்சல். ராத்திரியே ஏதோ பண்ணி வச்சிருக்க!"

"நானா? என்னக்கா பேசுறீங்க... அதுங்களை நான் என்ன பண்ணுவேன்?"

"யாருக்குத் தெரியும்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. வளர்க்கிறதும் நீ, கறி திங்கிறதும் நீ, கண்ணீர் விடுறதும் நீ!"

சின்னவள் வாளியைக் கீழே வைத்தாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. மூத்தவர் இறந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு பெரியவள் தவித்து நின்றபோது, "நம்ம வீட்டுக்கே வந்துடுங்கக்கா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தவளே இவள்தான். தன் அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, பட்டியை ஒட்டிய தீவன அறையில் பாயைப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டார்கள், பாய் இன்னும் அங்கேதான் கிடக்கிறது! தாய் ஒதுக்கிய குட்டிகளுக்கெல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் புட்டிப்பால் கொடுத்தாள். அந்த வீட்டில் அவள் குரலுக்கு யார் காது கொடுத்தார்களோ இல்லையோ, ஆடுகள் கொடுத்தன.

அதற்காக அவள் ஒன்றும் கறி தின்னாத புண்ணியவதி இல்லை. வளர்ப்பது எதற்கென்று தெரிந்துதான் வளர்த்தாள். ஆனால் கல்யாணமான புதிதிலேயே புருஷனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். ஆடு சாகிற நாளில் அவள் அதைக் கூப்பிட மாட்டாள். கறிக்கடைக்காரரும் புருஷனும்தான் பட்டிக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். மற்ற ஆடுகளின் கண்ணில் படாமல் கொட்டகைக்குப் பின்னால் காரியம் முடிய வேண்டும். அன்று முழுக்க அவள் பட்டிப் பக்கமே போக மாட்டாள். அவள் குரல் கேட்டால் தீவனம், அதைத் தவிர வேறெதுவும் கிடையாது. இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்தது.

முந்தாநாள் தங்கைக்கு உடம்பு சரியில்லையென்று போனவள், நேற்று இருட்டிய பிறகுதான் திரும்பினாள். பட்டி பாதி காலி! மொத்த வியாபாரி லாரி அனுப்பினானாம். ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு மறுபடி லாரி வரும் என்பதையும், பெரியவள் இப்போது சொல்லும்வரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ராத்திரி புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அடிச்சு ஏத்தினீங்களா?"

"சேச்சே! சாதுவா ஏறிடுச்சும்மா" என்றான் புருஷன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது வாசலில் லாரி வந்து நின்றது. சத்தம் கேட்டுப் புருஷனும் வெளியே வந்தான். ஓட்டுநர் குதித்து இறங்கி, சாய்வுப் பலகையைச் சரித்துப் போட்டான். சின்னவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அக்கா, நீங்கதானா அது? கெட்டிக்கார ஆளுக்கா நீங்க! நேத்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். ஒண்ணும் பலகையில கால் வைக்கல. உங்க குரலைப் போட்டோம் பாருங்க, விழுந்தடிச்சு ஏறிடுச்சு! அண்ணே, அந்தப் போனை எடுங்க, அதையே போட்டுடலாம்."

"டேய், சும்மா இருடா..." புருஷன் பதறினான்.

"என் குரலா? எந்தக் குரல்?"

அவள் புருஷனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஓட்டுநரிடம் நீட்டினாள்.

"போடு தம்பி. நானும் கேக்கிறேன்."

அவன் போட்டான். "பா... பா... வாடி கண்ணு, வா..." அவளுடைய குரலேதான்! கடைசியில் வெட்கப்பட்டு அவள் சிரித்த சிரிப்பும் அதில் இருந்தது.

அதே கணம் பட்டிக்குள் பெரும் கலவரம். ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து அலறின. ஒரு குட்டி கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. கூடப் பிறந்தவை அந்தக் குரலை நம்பி ஓடிப்போய், கால் கட்டப்பட்டுக் கதறியதை நேற்று இவையெல்லாம் வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்திருக்கின்றன.

"நிறுத்து! நிறுத்துடா!"

ஓடிப்போய்க் குட்டியை விடுவித்துவிட்டுத் திரும்பினாள்.

"அன்னிக்கு சாயங்காலம்... 'நீ கூப்பிடுறது எவ்வளவு நல்லா இருக்கு, இன்னொரு தரம் கூப்பிடு, போன்ல பிடிச்சு வச்சுக்கிறேன், வெளியூர் போனா போட்டுக் கேட்டுக்கிறேன்'னு சொன்னீங்களே... அதா இது?"

"அப்போ நிஜமாத்தான் சொன்னேன்... சத்தியமா! நேத்து ஏறவே மாட்டேன்னுச்சு... வியாபாரி வேற கத்துறான்... அவசரத்துல புத்தி போயிடுச்சு..."

"நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னீங்களேன்னு... ராத்திரி பூரா தூங்காம சிரிச்சுக்கிட்டுக் கிடந்தேங்க!"

பெரியவள் குறுக்கிட்டாள். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. "அறுக்கப் போற ஆட்டுக்கு... யார் குரலா இருந்தா என்னடி?"

"அறுங்கக்கா! நான் வேணாம்னு சொன்னேனா? இதுங்களைத் தின்னுதான் நாம உயிரோட இருக்கோம். அது எனக்குத் தெரியும். பால் கொடுத்தேன், தவிடு கொடுத்தேன், அது பதிலுக்கு உயிரையே கொடுக்குது. அந்த உயிரைப் பொய் சொல்லியா வாங்கணும்? நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுன்னு சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லுவாங்க... இங்க நிஜமாவே அறுத்துட்டீங்களே! அதுங்களையும்... என்னையும்..."

ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டே பலகையைத் தூக்கி வைத்தான். "அண்ணே, இன்னிக்கு இதுங்க ஏறாது. நான் கிளம்புறேன்." வெறும் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

சின்னவள் பட்டிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மடியில் தவிடு. ஆடுகளைக் கூப்பிடவில்லை. வெயில் ஏறியது. பெரியவள் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"உன் குரலைத் திருடினது நாங்க... பழியை உன் மேல போட்டது நான். உன் அறையில படுத்துத் தூங்கிக்கிட்டே உன்னைச் சந்தேகப்பட்டேனேடி பாவி நான்!" என்று அவள் தோளில் முகம் புதைத்து விம்மினாள். சின்னவளும் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தம் போடாமல் அழுதார்கள், ஆடுகள் மிரண்டுவிடுமே!

வெயில் சாயும்போது கிழட்டுத் தாய் ஆடு ஓர் அடி எடுத்து வைத்தது. நின்றது. மறுபடி ஓர் அடி. கழுத்தை நீட்டி அவள் விரலை மோந்து பார்த்து, மடியிலிருந்த தவிட்டை நக்கியது. அவள் கண்ணீர் அதன் நெற்றியில் விழுந்தது.

வேலியருகே செருப்புச் சத்தம். ஆடு விலுக்கென்று தலையைத் தூக்கியது.

"எல்லாத்தையும் போன்லேருந்து அழிச்சுட்டேன்மா... இனிமே ஒருக்காலும் லாரி வராது. மன்னிச்சிடு. உள்ள வா... சாப்பிட வாம்மா..." என்றான் புருஷன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கூப்பிடாதீங்க" என்றாள் மெதுவாக. "கூப்பிட்டா வர்ற மாதிரி இப்போ இங்க யாரும் இல்ல. அதுங்களும் சரி, நானும் சரி. வேணும்னா தவிட்டை எடுத்துக்கிட்டு வந்து பேசாம உக்காருங்க. எத்தனை நாள் ஆகும்னு எனக்குத் தெரியாது."

பிறகு தீவன அறையில் மூட்டை அவிழ்க்கும் ஓசை கேட்டது. அவன் கை நிறையத் தவிட்டோடு வந்து, அவளுக்கு வெகு தூரத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தான். ஓர் ஆடும் அவன் பக்கம் போகவில்லை. அவளும் போகவில்லை.