நாலாவது வரிசைக் கன்றுகள்

“ஐயோ! அம்மா தண்ணிக்குள்ள கெடக்கறாங்க!”

காலை 6.40. கன்றுகளைப் பராமரிக்கும் வேலைக்கு வந்த அன்னக்கிளி போட்ட கூச்சலில் மரத்துக் காகங்கள் மொத்தமாக எழும்பின.

ஊட்டியின் தாழ்வான ஓரம். மழைநீரைத் தேக்க வெட்டிய குட்டை. கண்ணாடித் தகடு மாதிரி பனிக்கட்டி அதை மூடியிருந்தது. அடியில் குப்புறக் கிடந்தார் இந்துமதி, நகரப் பசுமைத் திட்ட அதிகாரி. எங்கே சதுப்பு நிலம் மிஞ்ச வேண்டும், எந்த ஓடைக்கரையில் மரம் வர வேண்டும் என்று ஊருக்கே கோடு போட்டவர். பின்மண்டை பிளந்திருந்தது.

7.30. இன்ஸ்பெக்டர் உமாராணி ஜீப்பிலிருந்து இறங்கினார். குட்டையைச் சுற்றி ஐந்து வரிசை சோலை மரக் கன்றுகள். உறைபனி கருக்காமலிருக்க, ஒவ்வொன்றின் மேலும் மிலார் என்கிற காய்ந்த புதர்த்தழை. தழையின் மேல் வெள்ளை வெளேரென்று பனி.

“இதையெல்லாம் யாரு மூடறது?”

“நானும் சபாபதி அண்ணனுமுங்க. தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. நான் சும்மா மேல போட்டுருவேன். அண்ணன் பின்னாடியே வந்து, வெயில் படோணும்னு கெழக்கால ஒரு வாசல் வெச்சு அடுக்குவாரு. செடிக்கு ஊடு கட்டறாருன்னு கிண்டல் பண்ணுவேனுங்க.” அன்னக்கிளி மூக்கைச் சிந்தினாள்.

8.00. இந்துமதியின் கைக்கடிகாரம் நாடித் துடிப்பைக் கணக்கெடுக்கும் வகை. முந்தைய நாள் மாலை 6.15-க்கு மேல் கணக்கு இல்லை. 6.12-க்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். தழையைப் பிரித்து விட்ட இருபது கன்றுகள். கீழே ஒரு வரி: ‘நாலாவது வரிசை. ஒன்றுகூடக் கருகவில்லை.’

8.15. விடுதி முதலாளி தினகரன். சதுப்பை நிரப்பிக் கார் நிறுத்த இடம் கேட்டவர். நேற்று மாலை குட்டைக்கரையில் அவர் இந்துமதியிடம் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது.

“எத்தனை மணிக்குப் போனீங்க?”

“அஞ்சே முக்கால். அதுக்கு மேல இந்தக் குளிர்ல யாரு நிப்பா?”

“செடியெல்லாம் மூடியிருந்துச்சா?”

“செடியா? குப்பைக் குமியல்னுல்ல நெனச்சேன்!”

8.40. நாற்றுகளைப் பார்த்துக்கொள்ளும் சபாபதி. விரலிடுக்கில் பற்ற வைக்காத பீடி.

“அஞ்சு மணிக்கு மூடிட்டுப் போனவன்தானுங்க. அப்புறம் இந்தப் பக்கமே வரல.”

“வீடு எங்கே?”

“ஓடைக்கரைலதானுங்க. அப்பா சிலோன்ல இருந்து கப்பலேறி வந்து கட்டுன ஊடு.”

கொட்டகைச் சுவரில் திட்ட வரைபடம் தொங்கியது. ஓடையின் இரு கரையிலும் பச்சைப் பட்டை. அதற்குள் வீடுகளைக் குறிக்கும் பதினோரு சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெருக்கல் குறி.

உமாராணி நாலாவது வரிசைக்கு நடந்தார். குனிந்தார். ஒவ்வொரு கன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“6.12-க்கு இந்த வரிசை தெறந்து கெடந்துச்சு. 6.15-க்கு அந்தம்மா தண்ணிக்குள்ள. மூணு நிமிஷத்துல இருபது செடியை அவங்க மூடியிருக்க முடியாது. ஆனா மூடியிருக்கு. மூடுனதுக்கு அப்புறம்தான் பனியும் விழுந்திருக்கு. அவங்க செத்த பின்னாடி யாரோ இங்க நின்னு, பொறுமையா மூடியிருக்காங்க.” தழையை விரலால் தொட்டார். “இருபதுக்கும் கிழக்கால வாசல் இருக்கு, சபாபதி.”

பீடி கீழே விழுந்தது.

“எங்க ஊடு தப்பற மாதிரி கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக் கேக்கத்தானுங்க வந்தேன். முடியாதுன்னு திரும்பி நடந்தாங்க. கையப் புடிச்சு இழுத்தேன், உதறுனாங்க... தள்ளிட்டேன். கரைக் கல்லுல பின்மண்டை பட்டு, தண்ணிக்குள்ள உருண்டுட்டாங்க.”

“அவங்களைத் தூக்காம, செடியை மூடிட்டு நின்னீங்களா?”

மலைக்கு மேல் வெயில் ஏறியது. இருபது வாசல்களிலும் ஒரே நேரத்தில் நுழைந்தது. சபாபதி அதையே பார்த்தார்.

“பனி கொட்டற ராத்திரிங்க... எங்கையால வெச்சதுகள வெளிய விட்டுட்டு எப்படிங்க போவேன்?”