இரண்டு சங்கு ஊதிய படகு

மேல் தளம் முழுக்க நனைந்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர.

இரவெல்லாம் மழை சாய்வாக அடித்துத் தேக்குப் பலகைகள் கறுத்துக் கிடந்தன. கைப்பிடிக் கம்பியை ஒட்டி மட்டும், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு, பாய் விரித்து எடுத்தாற்போல ஒரு துண்டு தரை உலர்ந்து வெளிறியிருந்தது. டோ மியா யீ அண்ணாந்து பார்த்தாள். மேலே வானம்தான். பழைய கூரைத் தகடுகளைக் கழற்றியவர்கள் புதியதை இன்னும் போடவில்லை.

“மா ப்யூ! ராத்திரி இங்க யாரைப் படுக்க விட்ட?”

சமையல்கட்டிலிருந்து மா ப்யூ கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் பூசிய தனாக்கா மரச்சாந்து வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

“கொட்டுற மழையில எவன்க்கா மொட்டைத் தளத்துல வந்து படுப்பான்? தவளைதான் படுக்கும்.”

“தவளை இவ்வளவு நீளம் இருக்குமா?”

“உங்க சாப்பாட்டுக் கடையில தின்னா இருக்கும்.”

மியா யீ சிரிக்கவில்லை. துடைப்பத்தின் நுனியால் அந்த இடத்தைத் தொட்டாள். சூடாக இருக்குமோ என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. குனிந்து கையை வைத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அவளுக்குச் சந்தேகம் ஓர் ஆள் மேல்தான். அக்கா புருஷன் ஊ போ சான். இந்தக் கரையில் ஐஸ் கிடங்கு கட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கண் வைத்திருந்தவர். படகை அவள் வாங்கி வந்து போட்டதும் அந்த ஆசையில் மண் விழுந்தது. ஆளை விட்டுப் பயம் காட்டினால் பொம்பளை எழுந்து ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

ஓட அவளுக்கு இடமில்லை. டவுனிலிருந்த வீட்டை விற்றுத்தான் இந்தப் படகை வாங்கினாள். ஒரு காலத்தில் ஐராவதியின் முகத்துவாரத்து ஊர்களுக்கெல்லாம் இதுதான் பஸ், இதுதான் தபால், இதுதான் ஆஸ்பத்திரி வண்டி. பாலங்கள் வந்தன; படகு சேற்றில் ஒதுங்கியது. பெருக்குத் தண்ணீர் ஏறிய நாளில் இழுத்துவந்து, கரையில் கான்கிரீட் மேடை கட்டி உட்கார வைத்து, மேல் தளத்தில் மேஜை நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக் கடையாக்கிவிட்டாள். கீழே, மாலுமிகள் தூங்கிய அறையில், மகள் தீரிக்குக் கட்டில் போட்டாயிற்று. தாய்லாந்துத் தையல் ஆலையில் தேய்ந்த பிள்ளை. இனி போவதில்லை என்று வருகிறாள். இந்த ஏற்பாடெல்லாம் அவளுக்காகத்தான். அவள் வந்து கால் வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது மியா யீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “இதுல யாராவது செத்திருக்காங்களா?”

“ஒரு ஆடுகூடச் சாகலை,” என்றார்கள், ஓட்டியவர்கள் அத்தனை பேரும்.

அது பொய்யில்லை என்று வேறு இடங்களிலும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் பணத்தைக் கொடுத்தாள்.

திறப்பு நாளில் பிக்குகளுக்குச் சோறிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் மொஹிங்கா மீன்குழம்பு ஊற்றி, பழைய சங்கை ஊதச் சொன்னாள். எலக்ட்ரிக் வேலைக்காரன் காற்றுக் குழாயை மாட்டிச் சரிசெய்திருந்தான். ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குச் சங்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று ஊதினால் படகு வந்துவிட்டது. இரண்டு ஊதினால் ஏறு. மூன்று ஊதினால் பலகையை இழுத்துவிட்டார்கள், படகு கிளம்பிற்று. இரண்டாவது முடிந்ததும் மியா யீ அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

“போதும்ப்பா. கிளம்பற சங்கை ஊதினா வந்த அதிர்ஷ்டமும் சேர்ந்து கிளம்பிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஊ போ சான் மட்டும் பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். போகும்போது ஏறுபலகையின் ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார், எதிரே கூட்டம் வருகிற மாதிரி. அன்றைக்கே அவளுக்கு அது உறுத்தியது.

முதல் துண்டைக் கண்ட மறுநாள் உலர்ந்த துண்டுகள் ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கம்பியோரம் முழுக்க இருந்தன. அதற்கடுத்த நாள் தளத்தின் நடுவிலும். முன்பு தளத்தில் படுத்துப் போகிற பயணிகள் இடம் பிடித்துப் பாய் விரிப்பது போலவே, தலைமாடு ஒரே திசையில், நடக்க ஒற்றையடிப் பாதை விட்டு. சில துண்டுகள் குட்டையாக இருந்தன.

ஏறுபலகையில் சேற்றுத் தடங்கள். வெறுங்கால்கள். பலகையின் அடியிலிருந்து மேல்வரை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஏறிய தடங்கள் இருந்தன. இறங்கியவை இல்லை.

“அந்தக் கிழவன் கூலிக்கு ஆள் வெச்சு ஏத்தறான்,” என்றாள்.

மா ப்யூ சூப்புத் தட்டோடு தளத்தைக் கடந்துகொண்டிருந்தாள். நேராகப் போகாமல் வளைந்து, தயங்கி, ஓரிடத்தில் காலை உயர்த்தி எதையோ தாண்டினாள். “கொஞ்சம் வழி விடுங்க, சூடு, சூடு,” என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். தட்டிலிருந்த சூப்பு அவள் மணிக்கட்டில் வழிந்தது. வழியவிட்டபடி நின்றாள்.

“யாரை வழி விடச் சொன்ன?”

“தெரியலைக்கா.”

“தெரியலைன்னா? உனக்கும் அவர் ஏதாச்சும் குடுத்தாரா?”

மா ப்யூ தட்டை மேஜையில் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள். “நடக்க இடம் இல்லக்கா,” என்றாள், மிகவும் மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பது போல. அவள் பலகையில் இறங்கிப் போனதும் திரும்பிப் பார்க்காததும் மியா யீக்கு இன்னொரு சாட்சியமாகத்தான் பட்டது. எல்லோரும் கூட்டு.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று அன்று மதியம் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆற்றின் மேலிருந்து மழை ஒரு சாம்பல் திரையாக நடந்து வந்து தளத்தை மூடிற்று. முதலில் மழைச் சத்தம் மட்டும். பிறகு அதற்குள்ளே, மிகச் சன்னமாக, பாய் உதறி விரிக்கிற சர்ரென்ற ஓசை. எனாமல் தூக்குச்சட்டியின் மூடி கழல்கிற ஓசை. வெற்றிலைச் சாற்றைத் துப்புமுன் யாரோ தொண்டையைக் கூட்டுவது. ஒரு குழந்தையின் வறட்டு இருமல், அதைத் தட்டிக்கொடுக்கிற கை. வாசனையும் வந்தது. ஈர லுங்கி. சுருட்டு. ஙப்பி மீன்விழுது. அடியில் வேறொன்று, வெள்ளம் வடிந்த பிறகு வயல்களில் நின்ற வாடை.

கதவைத் தள்ளித் திறந்தாள்.

“யாருடா அது?”

தளம் காலி. மேஜைகள், நாற்காலிகள், மழை. ஆனால் அந்த அமைதி காலியான இடத்தின் அமைதி அல்ல. பேசிக்கொண்டிருந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு உன்னைத் திரும்பிப் பார்க்கிற அமைதி.

குடைகூட எடுக்காமல் ஊ போ சான் வீட்டுக்கு நடந்தாள். அவர் வாசல் படியில் உட்கார்ந்து வலை முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“உங்க ஆளுங்களைத் திருப்பிக் கூப்பிடுங்க, அத்தான். என் பொண்ணு நாளைக்கு வரா.”

“எந்த ஆளுங்க?”

“என் தளத்துல படுக்கற ஆளுங்க.”

அவர் கை நின்றது. “எத்தனை பேர்?”

“தளம் நிறைஞ்சுபோச்சு. ஏன், கணக்குச் சரியா இருக்கான்னு பாக்கறீங்களா?”

“குட்டிப் பாய்ங்க இருக்கா?”

அவர் அவளைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பெரும்புயல் அன்னைக்கு உன் படகு எங்க இருந்துச்சு தெரியுமா? பழைய தலைநகர்த் துறையில. நல்லா இழுத்துக் கட்டி. ஒரு ஆணிகூட அசையலை. அதான் ஒருத்தரும் சாகலைன்னு பெருமையாச் சொல்றானுங்க. நாங்க இங்க துறையில நின்னோம். சுத்துப்பட்டு ஊர் சனம் பூரா. படகு வரும், ஏத்திக்கிட்டுப் போயிடும்னு. உன் அக்காதான் சொல்லிக்கிட்டே இருந்தா, இதோ சங்கு கேக்குது, இதோ கேக்குதுன்னு. தண்ணி வந்துச்சு. படகு வரலை.”

“அக்கா வீட்டுல இருந்தான்னுதானே சொன்னீங்க.”

“சொன்னேன். நான் மட்டும் மரத்தைப் பிடிச்சேன்னு எப்படிச் சொல்றது?” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீ ஏறுன்னு ஊதிட்ட. ஏறாம என்ன பண்ணுவாங்க?”

“அப்ப மூணாவதையும் ஊதிடறேன். போகட்டும்.”

“ஊது. போயிடுவாங்க. ஆனா நீ கீழ இறங்கி நின்னுக்கிட்டு ஊது. குழாயை நீட்டிக் கரைக்கு இழுத்து, அங்கேயிருந்து ஊது. படகுல ஒருத்தரும் இருக்கக் கூடாது, மியா யீ. ஒருத்தரும்.”

அதுவரை அவள் நெஞ்சு அவர் பக்கம் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. அக்கா பேச்சை எடுத்ததும் கண்கூடக் கலங்கிற்று. இந்தக் கடைசி வார்த்தையில் எல்லாம் தெளிந்துவிட்டது. அதானே பார்த்தேன். என்னைக் கீழே இறக்க வேண்டும். நான் இறங்கிய நேரம் பார்த்து இவருடைய ஆட்கள் ஏறி உட்கார வேண்டும். செத்துப்போன பெண்டாட்டியைக்கூட அதற்குக் கூலியாள் ஆக்கிவிட்டார்.

“நல்ல யோசனை அத்தான்,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வழியில் தீரி போனில் கூப்பிட்டாள். பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

“அமே! முந்தின பஸ்ஸு கிடைச்சிடுச்சு. இன்னைக்கே வந்துடுவேன். ஆத்து வாடை இப்பவே அடிக்குது.”

“எங்க வந்துட்ட?”

“பாலம் தாண்டியாச்சு. எனக்கு ஜன்னல் பக்கம்தானே கட்டில்?”

மியா யீ ஓடினாள். சூரியன் இன்னும் மரங்களுக்கு மேலேதான் இருந்தது. ஏறுபலகையில் ஏறும்போது, தன் தோள்களைத் தானே குறுக்கிக்கொள்வதை உணர்ந்தாள். இருபுறமும் எதுவும் இல்லை. இருந்தும் குறுக்கிக்கொண்டாள். தளத்தில் உலர்ந்த தரையே மிஞ்சியிருந்தது. நனைந்தது அந்த ஒற்றையடிப் பாதை மட்டும். அதில் கால் வைத்து நடந்தாள். கணுக்காலில் மூச்சு பட்டது. குனிந்து பார்க்கவில்லை.

ஓட்டுநர் கூண்டு. காற்றுக் குழாய். பித்தளைப் பிடி.

பிள்ளை வருமுன் முடித்துவிட வேண்டும். இறங்கமாட்டேன். என் படகு.

இழுத்தாள்.

சங்கு நீளமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல ஊதிற்று. அக்கரையிலிருந்து நாரைகள் எழுந்தன. பிடியை விட்டாள். சத்தம் அடங்கியதும் தளம் முழுக்க ஒரு பெருமூச்சு. நிம்மதியான பெருமூச்சு. அப்பாடா என்று.

பலகை உரசுகிற ஓசை.

கரையிலிருந்த மின்கம்பம் நகர்ந்தது.

அவள் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கம்பம் போயிற்று. அடுத்துத் தேநீர்க் கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் போனார்கள், தேநீரை உறிஞ்சியபடி, ஒருவரும் தலை திருப்பாமல். ஆட்டமில்லை. குலுக்கலில்லை. எஞ்சின் இல்லாத படகு. வெளியே ஓடி வந்து கம்பியைப் பிடித்தாள். கான்கிரீட் மேடை தெரியவில்லை. கீழே தண்ணீர். பழுப்பாக, அகலமாக.

கரையில் தீரி நின்றுகொண்டிருந்தாள்.

தோளில் பை. சிவப்பு லுங்கி. இப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் படகைப் பார்த்தாள். அவள் ஒருத்தி மட்டும் பார்த்தாள்.

“அமே! என்னை விட்டுட்டுப் போறியா?”

“வராத!” மியா யீ அலறினாள். “அங்கேயே நில்லு! தீரி, வராத!”

அந்தக் கணம் தளம் முழுக்கக் குரல்கள் எழுந்தன. கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். கோபமே இல்லாத குரல்கள். கடைசி நேரத்தில் ஓடி வருகிற பயணியைப் பார்த்தால் எந்தப் படகிலும் எழுகிற குரல்கள்.

“வா பொண்ணே, வா! ஓடி வா!”

“ஆழம் இல்ல, இறங்கி வா!”

“இடம் இருக்கு, வாம்மா! கையைக் குடுங்கப்பா யாராவது!”

அதில் ஒரு குரல் அக்காவுடையது. “ஏய், என் தங்கச்சி பொண்ணுடீ! தள்ளி உக்காருங்க!” என்று சிரித்தது. அந்தச் சத்தத்தில் மியா யீயின் அலறல் அவள் காதுக்கே கேட்கவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

தீரி சிரித்தாள். செருப்பைக் கழற்றினாள். லுங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகினாள். துறைக்குத் தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, பையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

முழங்கால்.

இடுப்பு.

நெஞ்சு. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முகவாயை உயர்த்திக்கொண்டு, அம்மாவையே பார்த்துக்கொண்டு.

பிறகு முகம் இல்லை. இரண்டு கைகள் மட்டும் தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து, பையை நனையாமல் பிடித்தபடி, படகை நோக்கி வந்துகொண்டே இருந்தன.