நூற்று நாற்பதாம் மாடியின் சுத்தம்

அரசி காலையில் கண்விழித்ததும் முதல் வேலையாகக் கரப்பான்களை நலம் விசாரிப்பாள். சமையலறை மூலையில், சிறு வாசல் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் அறுபது கரப்பான்கள் மீசையை ஆட்டியபடி நிற்கும். "சாப்ட்டீங்களாடா?" என்பாள். அவை சாப்பிட்டால்தான் அவளுக்கு வீடு.

மூன்று தலைமுறைக்கு முன், ஒரே மருந்தால் பூச்சி இனத்தையே மக்கள் ஒழித்துக் கொண்டாடியிருந்தார்கள். அந்த மருந்து மண்ணிலிருந்த நுண்ணுயிர்களையும் கொன்றது பிறகுதான் தெரிந்தது. குப்பை மக்கவில்லை. குப்பைமேட்டின் மேலேயே நகரம் மாடி மாடியாக எழும்பியது. கடைசியில் ஆய்வுக்கூடத்தில் கரப்பானை மறுபடி உண்டாக்கி, வளர்ப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு அறிவும் ஊட்டி, 'கழிவுண்ணி' என்று பெயர் வைத்து வீட்டுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். வீட்டுக் குப்பையை அவை தின்று தீர்க்காவிட்டால் குடும்பம் தரைத்தளத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜன்னலைத் திறந்தால் குப்பைமேடு. அரசியின் மகளுக்கோ ஏற்கெனவே இளைப்பு.

அன்று சோதனை நாள். அரசிக்குப் பயமில்லை. ஒரு வாரமாகப் பெட்டி பளிச்சென்று இருந்தது.

மேற்பார்வை இயந்திரன் பெட்டியைப் பார்த்தது. பிறகு கரப்பான்களை எடை போட்டது. "பெட்டி காலியாக உள்ளது. ஆனால் இவை மெலிந்துள்ளன. குப்பை எங்கே போனது, அம்மா?"

அதற்குள் பக்கத்து வீட்டு பிரிசில்லா முறத்தோடு வந்து நின்றாள். முறம் நிறைய மீன் செதிலும் முருங்கைக்காய்ச் சக்கையும்.

"ஏன் அரசி, இதையெல்லாம் கொட்ட எங்க வாசல்தான் கெடச்சுதா?"

"நானாக்கா? இந்த வாரம் நான் குப்பைய வெளிய கொண்டு வரவே இல்லையே."

அது உண்மைதான். இந்த வாரத்தைப் பொறுத்தவரை.

இயந்திரன் தாழ்வாரத்துக் கேமரா பதிவைச் சுவரில் ஓட்டியது. அரசி வீட்டுக் கதவிடுக்கு வழியாகக் கரப்பான்கள் ஆளுக்கொரு துண்டோடு வரிசையாக வந்தன. முன்னால் வந்தது நின்று, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. பிறகு எல்லாம் பிரிசில்லாவின் வாசலில் சுமையை இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் திரும்பின.

அந்தப் பார்வை அரசிக்கு நன்கு தெரிந்ததுதான். பெட்டி வந்த புதிதில், அருவருப்பில் அதைத் திறக்க மனம் வராமல், அவளும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் அந்த வாசலோரம் பையை வைப்பாள். யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருந்தாள். அறுபது பேர் பார்த்திருக்கிறார்கள்.

"எல்லாம் உன்கிட்ட கத்துக்கிட்டதுதானே?" என்றாள் பிரிசில்லா.

"சரி, உங்க பெட்டியத் தெறங்க. உங்களுது தின்னுதா, நடக்குதான்னு பாப்போம்."

பிரிசில்லாவின் பெட்டியும் பளிச்சென்றுதான் இருந்தது. கரப்பான்கள் இன்னும் மெலிவு. பதிவு ஓடியது. அவள் வீட்டுக் கரப்பான்கள் அடுத்த வாசலில் இறக்கின. அந்த வீட்டவை அதற்கடுத்த வாசலில். வட்டத் தாழ்வாரத்தில் ஒரே குப்பை நாள்தோறும் வலம் வந்துகொண்டிருந்தது.

"விதிப்படி இந்த மாடி முழுவதும் தரைத்தளத்துக்குப் போக வேண்டும்" என்றது இயந்திரன்.

"சார், எம் பொண்ணால அங்க மூச்சு விட முடியாது."

இயந்திரனின் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. எட்டு ஆண்டுகளாக இந்த மாடிக்குச் சுத்தச் சான்று கொடுத்தது அதுதான். விசாரணை என்று வந்தால் முதலில் அதைத்தான் கழற்றுவார்கள்.

அது முறத்தை வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் போனது. இடப்பக்கம் தலையைத் திருப்பியது, வலப்பக்கம் திருப்பியது. கவிழ்த்தது.

"சார், கீழ நூத்தி முப்பத்தொம்பதுல ஆளுங்க இருக்காங்க..." என்றாள் அரசி.

"அது வேற வார்டும்மா" என்றபடி அடுத்த வாசல் குப்பையை அள்ளப் போனது.

அரசியும் பிரிசில்லாவும் தாழ்வாரத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் போய் நின்று, யாரும் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.